பூட்லோடர் பூட்டும் உரிமையாளரின் சாவியும்

ஸ்மார்ட்போனின் இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரைப் பூட்டிவைக்கத் தயாரிப்பாளர்கள் முதன்மையாகச் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதைப் புறந்தள்ள முடியாது. ஆனால் பூட்டு தேவை என்று நிறுவும் வாதம், அதன் சாவி தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பதை நிறுவிவிடுவதில்லை. போனின் முழு நிர்வாக உரிமையைப் பெற ரூட் செய்வோரையும், மாற்று இயங்குதளமான கஸ்டம் ரோம் நிறுவுவோரையும் பற்றிய விவாதத்தில் இவ்விரண்டும் தொடர்ந்து குழப்பப்படுகின்றன.

போனை இயக்கியதும் சிப்பிலேயே பதிந்துள்ள சிறு நிரல் பூட்லோடரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. பூட்லோடர் இயங்குதளத்தின் மையமான கெர்னலைச் சரிபார்க்கிறது. கையொப்பம் பொருந்தாத மென்பொருள் ஓடாது. கூகுளின் பிக்சல் போன்களில் இந்தப் பூட்டைத் திறக்கும் வழியும் கவனமாக அமைக்கப்பட்டிருக்கிறது. பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் வசதிகளைத் திறந்து, ஓஇஎம் அன்லாக்கை அனுமதித்து, கணினியிலிருந்து ஃபாஸ்ட்பூட் கட்டளை கொடுத்து, போனின் பொத்தான்களால் உறுதி செய்ய வேண்டும். அந்தக் கணமே போனிலுள்ள தரவு முழுவதும் அழிந்துவிடும். ஆகவே இந்த வழியில் பூட்டைத் திறப்பவனுக்கு உரிமையாளரின் படங்களோ கடிதங்களோ கிடைக்காது. அதற்குமேல், உரிமையாளர் தன் சொந்தச் சாவியைப் பதிந்து பூட்டை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளம் இந்த ஏற்பாட்டின் மீதுதான் நிற்கிறது. பாதுகாப்பும் உரிமையும் ஒரே கருவியில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சாம்சங் வேறு வழியில் சென்றது. 2013 முதல் அதன் கேலக்ஸி போன்களில் நாக்ஸ் என்ற ஏற்பாடு வந்தது. அங்கீகரிக்கப்படாத கெர்னலை ஏற்றினால் சிப்பிலுள்ள மின் ஃப்யூஸ் ஒன்று எரிகிறது. டவுன்லோடு திரையில் பூஜ்யமாக இருந்த நாக்ஸ் எண் ஒன்றாகிறது. பழைய மென்பொருளை அப்படியே திரும்ப நிறுவினாலும் அந்த எண் மாறாது. சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் ஆகியவை அந்தப் போனில் இனி ஒருபோதும் இயங்கா. போனின் மென்பொருள் ஒருமுறையேனும் மாற்றப்பட்டதா என்பதை நிறுவன வாடிக்கையாளர்கள் அறிய இது உதவும் என்பது உண்மை. ஆனால் தரவு அழிந்து, மூல மென்பொருளும் திரும்பிய பின் தொடரும் நிரந்தரத் தடையைப் பாதுகாப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது தண்டனை. ஹுவாவே 2018இல் பூட்டைத் திறக்கும் குறியீடு தருவதையே நிறுத்தியது. எதிர்த்திசைக்கும் முன்னுதாரணம் உண்டு: பயனர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2011 மே மாதம் ஹெச்டிசி தன் போன்களின் பூட்லோடரை இனிப் பூட்டப்போவதில்லை என்று அறிவித்தது.

சட்டம் இதில் பாதி வழிதான் வந்திருக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் 2010ஆம் ஆண்டு விதிவிலக்கின்படி, தன் போனின் மென்பொருள் தடைகளை நீக்குவது, அதாவது ஜெயில்பிரேக் செய்வது, பதிப்புரிமைச் சட்ட மீறலாகாது. எனினும் அது உரிமையாளரை வழக்கிலிருந்து காக்கிறதே தவிர, வழிவிடும்படி தயாரிப்பாளருக்குக் கட்டளையிடவில்லை. மென்பொருள் உரிமத்திலும் இதே இடைவெளி. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருவது. அதன் மூலநிரலை நிறுவனம் வெளியிட்டே ஆக வேண்டும். வெளியிட்ட நிரலைத் திருத்தி அதே போனில் ஏற்றப் பூட்டு விடாது. இந்த ஓட்டையை அடைப்பதையும் நோக்கமாகக் கொண்டு 2007இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. கெர்னலோ இரண்டாம் பதிப்பிலேயே தங்கிவிட்டது.

பூட்டைத் திறந்த பிறகும் தடை தீர்வதில்லை. வங்கிச் செயலிகள் பலவும் போனின் நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையைக் கேட்கின்றன. சொந்தச் சாவியால் பூட்டப்பட்டு, அண்மைத் திருத்தங்களுடன் ஓடும் கிராஃபீன்ஓஎஸ் போன் அதன் சாதன நிலைச் சோதனையில் தோற்கிறது. பல ஆண்டுகளாகத் திருத்தமே பெறாத, கூகுள் சான்றளித்த பழைய போன் அதே நிலையில் தேறிவிடுகிறது. அப்படியானால் அங்கே அளக்கப்படுவது போனின் பாதுகாப்பு என்று எப்படி ஏற்பது?

இறுகிய பூட்டின் விலையை 2011இல் வந்த கேலக்ஸி எஸ்2 காட்டுகிறது. சாம்சங் அதை ஆண்ட்ராய்டு 4.1உடன் கைவிட்டது. தன்னார்வலர்களின் கஸ்டம் ரோமான லினியேஜ்ஓஎஸ் அதே போனை 7.1 வரை கொண்டுசென்றது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்படும் இந்த உழைப்புதான் கைவிடப்பட்ட போன்களைப் பயன்பாட்டில் வைத்திருந்தது. பூட்டு இறுகியிருந்தால் அந்த ஆயுள் நீட்டிப்பு நடந்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையிலுள்ள விதி, விற்பனை முடிந்த பின் குறைந்தது ஐந்தாண்டு புதுப்பிப்புகளைக் கோருகிறது. வரவேற்கத்தக்க விதி, ஆனால் ஆறாம் ஆண்டில் போன் என்னாகும் என்பதற்கு அதில் விடையில்லை. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை முயற்சியில் மொபைல் போனும் ஒரு பிரிவு. உதிரிபாகம், பழுதுபார்ப்புக் கையேடு ஆகியவற்றோடு பூட்லோடரும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். புதுப்பிப்பு நிறுத்தப்படும் நாளிலேனும், பூட்டைத் திறக்கவும் தன் சாவியால் மீண்டும் பூட்டவும் உரிமையாளருக்கு வழிவிடுவதைத் தயாரிப்பாளரின் சட்டக் கடமையாக்க வேண்டும்.