தொழிற்சாலைக்குள் ஒரு கல்லறைத் தோட்டம்

அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரமும் ஹாம்ட்ராமிக் என்ற சிறு பட்டணமும் ஒட்டிக்கொள்ளும் எல்லையில், ஒரு பிரம்மாண்டமான மோட்டார் தொழிற்சாலை இருக்கிறது. அதன் வேலிக்குள்ளேயே ஒரு கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. பெத் ஓலெம் என்று பெயர். யூதர்கள் 1860-களில் ஏற்படுத்தியது. வருஷத்துக்கு இரண்டே நாட்கள், அவர்களுடைய பண்டிகைகளை ஒட்டி, தொழிற்சாலைக் கதவைத் திறந்து உள்ளே விடுவது வழக்கம்.

இதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 'பரவாயில்லையே! செத்தவர்களுக்கு இவ்வளவு மரியாதையா!' என்று வியந்தேன். அப்புறந்தான், அந்தத் தோட்டத்தைச் சுற்றி உயிரோடு வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிக்கத் தோன்றியது.

அங்கே 1910-ஆம் ஆண்டு டாட்ஜ் சகோதரர்கள் ஒரு மோட்டார் தொழிற்சாலையைக் கட்ட ஆரம்பித்தார்கள். அதில் வேலை தேடிப் போலந்து நாட்டிலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். பக்கத்தில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஒரு வட்டாரத்துக்குப் 'போல்டவுன்' என்றே பெயர் வந்தது. போலந்துக்காரர் ஊர் என்று அர்த்தம். மர வீடுகள், சின்னக் கடைகள், மாதா கோயில்கள். பின்னால் நீக்ரோ மக்கள் என்று அந்நாளில் சொல்லப்பட்ட கறுப்பினத்தாரும் வந்து குடியேறினார்கள். 1980 ஜனவரியில் பழைய தொழிற்சாலை மூடப்பட்டது. ஊர் மட்டும் இருந்தது.

அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி நகரசபைக்கு ஒரு சேதி சொல்லிற்று. டெட்ராய்ட்டில் உள்ள தன்னுடைய இரண்டு பழைய தொழிற்சாலைகளை மூடப்போகிறோம். நல்ல இடம் கிடைத்தால் புதியதை இங்கேயே கட்டுவோம். சுமார் 6000 பேருக்கு வேலை இருக்கும். இடம் எப்படியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். 450 ஏக்கருக்குக் குறையக் கூடாது. நீள்சதுரமாக இருக்க வேண்டும். ரயில் பாதையும் பெருஞ்சாலையும் பக்கத்தில் வேண்டும். 1981 மே முதல் தேதிக்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும்.

பெண் பார்க்க வந்தவர்கள் சீர்வரிசைப் பட்டியலையும் கையோடு கொண்டுவந்தது போல் இல்லையா?

டாட்ஜ் தொழிற்சாலை நின்ற மனை மட்டும் போதவில்லை. அதை அகலப்படுத்தப் போல்டவுனில் ஒரு பெரும் பகுதியைச் சேர்க்க வேண்டியிருந்தது. 4000-க்கு மேற்பட்ட மக்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், நூற்றுக்கு மேற்பட்ட கடைகள்! நில ஆர்ஜிதத்துக்கு வசதியாக அந்த 1980-இலேயே மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சட்டமும் வந்திருந்தது. நஷ்ட ஈடு எவ்வளவு என்ற வியவகாரம் தீருவதற்கு முன்பே நிலம் கைமாறிவிடலாம். நகரசபை திட்டத்தை அங்கீகரித்தது. தொழிலாளர் சங்கமும் ஆதரித்தது.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வில்லன் கிடைத்தால் பாதி வேலை தீர்ந்தது. நானும் தேடினேன். மேயர் கோல்மன் யங் அகப்பட்டார். ஆனால் அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அந்த வேஷத்தை அவருக்குப் போட மனம் வரவில்லை. டெட்ராய்ட்டின் முதல் கறுப்பின மேயர் அவர். சிறு வயதில் 'பிளாக் பாட்டம்' என்ற பேட்டையில் வளர்ந்தவர். அந்தப் பேட்டையையும் நகர சீரமைப்பு, பெருஞ்சாலை என்று சொல்லி இடித்துத் தள்ளினார்கள். வீடு போவது என்றால் என்ன என்று தெரியாதவர் அல்ல. ஆனால் அவர் கண் முன்னால் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. வேலையில்லாதவர் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பேன்? சத்தியமாகத் தெரியவில்லை.

ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "ஊருக்காக ஒரு தெரு போகலாம், ஐயா. அதில் தப்பில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வாங்கியவன் என்ன எழுதிக் கொடுத்தான்?" என்றார்.

நல்ல கேள்வி! வழக்கும் அங்கேதான் போய் நின்றது. 'பொது உபயோகத்துக்கு' நிலத்தை எடுக்கலாம் என்பது சட்டம். ஒரு கம்பெனி மோட்டார் செய்து விற்பது பொது உபயோகமா? வேலை பெருகினால் அது பொது நன்மைதான் என்று மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் 1981 மார்ச் 13-ந் தேதி தீர்ப்பளித்தது. ஐந்து பேர் அந்தப் பக்கம், இருவர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஒருவரான நீதிபதி ரயன் என் நண்பரைப் போலவே யோசித்திருக்கிறார்: நிலம் கைமாறிய பிறகு கம்பெனி பங்குதாரருக்குத்தான் பதில் சொல்லுமே தவிரப் பொதுமக்களுக்கு அல்ல என்பது அவர் வாதம். பொதுப்பணம் 20 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. மனைக்காகக் கம்பெனி கொடுத்தது சுமார் 80 லட்சம் டாலர். வரிச் சலுகை வேறு.

பணம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகவே போனவர்களும் உண்டு. போக மாட்டோம் என்றவர்கள் மாதா கோயிலில் கூடினார்கள். பெரிய குருமார் அந்தக் கோயிலையே விற்றுவிட்டார்கள். பங்குக் குரு கராசேவிச் மட்டும் தம் ஜனங்களோடு நின்றார். 29 நாட்கள் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை 14-ந் தேதி போலீஸ் புகுந்து கைது செய்தது. அப்புறம் கோயிலை இடித்தார்கள். அந்த வருஷம் டிசம்பரிலேயே கராசேவிச் காலமானார்.

1985-இல் புதிய தொழிற்சாலை ஓடத் தொடங்கிற்று. யந்திர மனிதர்கள் ஏராளமாக வந்து சேர்ந்தார்கள். ஆரம்ப வருஷங்களில் மனிதர்களின் எண்ணிக்கை 6000-ஐ எட்டவில்லை. 2018 நவம்பரில், இதற்கு இனி வேலை ஒதுக்கவில்லை என்று கம்பெனி அறிவித்தது. பிறகு மனம் மாறி, 2021 முதல் அங்கே மின்சார வண்டிகள் செய்கிறார்கள். ஆக, தொழிற்சாலை பிழைத்துக்கொண்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடுவே இன்னொன்றும் நடந்தது. விமான நிலையத்துக்கு அருகே வர்த்தக வளாகம் கட்ட நிலம் எடுத்த வேறொரு வழக்கில், 2004 ஜூலையில், அதே மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் தன் பழைய தீர்ப்பை ரத்துச் செய்தது. போல்டவுன்காரர்கள் சொன்னதே நியாயம் என்று ஆயிற்று. 23 வருஷம் கழித்து! தீர்ப்பை மாற்றி எழுதலாம். இடித்த தெருவை எங்கே தேடுவது?

மறுநாள் நண்பர் வந்ததும், "எழுதிக் கொடுத்தானா?" என்று மறக்காமல் கேட்டார்.

"ஏக்கர், வடிவம், தேதி எல்லாம் எழுத்தில் இருந்தன. 6000 பேருக்கு வேலை என்பதற்குத்தான் கட்டாயம் ஏதும் இல்லை" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, ஒரு வெற்றிலையை எடுத்து நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.