திரூர்க்குப்பத்து நெல்லும் இலைக்கருகல் நோயும்

எங்கள் பகுதியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இன்று காலையும் மாலையும் நடைபயிற்சி நடக்கிறது. இந்தப் பக்கத்து ஏரிகளெல்லாம் வயலுக்குத் தண்ணீர் கொடுத்தவை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் விளைந்த பூமி இது. அந்த நெல்லுக்கு உழைத்த ஒரு நிலையம் நமக்குப் பக்கத்திலேயே, செவ்வாப்பேட்டையை அடுத்த திரூரில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம். திரூர்க்குப்பத்தின் பெயரால் டிகேஎம் என்று தொடங்கும் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை.

1952-இல் வெளிவந்த டிகேஎம் 6 அவற்றில் தனித்து நிற்கிறது. ஜிஇபி 24, கோ 18 இரண்டையும் கலப்பினம் செய்து கிடைத்த ரகம் அது. நெல் இலையைக் காயவைக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோயை அது தாங்கியது; ஆனால் அந்த நோயை மனத்தில் வைத்து அதை யாரும் உருவாக்கவில்லை. அந்த நோய் இந்தியாவில் முதலில் கண்ணில் பட்டதே 1951-இல், மகாராஷ்டிரத்தில். 1963-இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தையே அது சூறையாடியது. பிறகுதான் எந்த நெல் தாங்கும் என்ற தேடல் மும்முரமானது. பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் டிகேஎம் 6-ஐப் பெற்றோர் ரகமாகச் சேர்த்து உருவாக்கிய ஐஆர் 20, 1969-இல் வெளியானது. தமிழ்நாட்டில் அதைச் சாப்பிடாத வீடு உண்டா? டிகேஎம் 6-இலிருந்த எதிர்ப்பு மரபணுவுக்கு எக்ஸ்ஏ 4 என்று பெயரிட்டார்கள். பின்னாளில் வந்த ஐஆர் 64-இலும் அதுவே இருக்கிறது. நம் பக்கத்து மண்ணில் தேறிய குணம் ஆசியா முழுக்க வயலிறங்கியதை நான் பெரும் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஒரு ரகத்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதை நோயைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கத்தரிக்கோலை பாக்டீரியா கரைசலில் முக்கி, தூர் கட்டிய பயிரின் இலை நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிவிடுவார்கள். 1973-இல் காஃப்மன் என்ற விஞ்ஞானியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிவைத்த முறை இது. இரண்டு வாரம் கழித்து ஸ்கேலோடு சேற்றில் இறங்கி, வெட்டிய இடத்திலிருந்து எவ்வளவு நீளம் காய்ந்திருக்கிறது என்று இலை இலையாக அளப்பார்கள். பக்கத்து வரிசையில் நோய் தாங்காத டிஎன் 1 என்ற ரகம் நட்டிருக்கும். அது நன்றாகக் கருகியிருந்தால்தான் அந்தச் சோதனை செல்லும். அதுவும் பச்சையாகவே நின்றால், மற்ற ரகங்கள் தம் வலுவால் தப்பினவா, நோயே இறங்கவில்லையா என்று சொல்ல வழியில்லை.

ஒருமுறை தேறிவிட்டால் போதும் என்றும் இல்லை. பாக்டீரியா மாறிக்கொண்டே இருக்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் இன்று எக்ஸ்ஏ 4 தனியாக நின்று தாக்குப்பிடிப்பதில்லை. அதனால்தான் ஐதராபாத் விஞ்ஞானிகள் சம்பா மசூரியில் வேறு மூன்று மரபணுக்களை ஒன்றாகச் சேர்த்து, 2008-இல் மேம்படுத்திய ரகமாகக் கொடுத்தார்கள். மூன்றில் ஒன்றான எக்ஸ்ஏ 21, ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது.

சுற்றுவட்டாரத்தில் இன்னும் நெல் வைப்பவர்களுக்கு ஒன்று: நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள், அந்தக் காயம் வழியாகவே நோய் ஏறும். யூரியாவை அள்ளி வீசினாலும் கருகல் கூடும். இலை ஓரம் மஞ்சளித்துக் காய்ந்தால், ஒரு துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். வெட்டிய வாயிலிருந்து பால் போலக் கசிந்து தண்ணீர் கலங்கினால், அது இலைக்கருகல்தான்.