ஜெனீவாவில் பிறந்த பள்ளிக்கூடம்

இப்போது எந்த ஊரின் புறவழிச் சாலையில் போனாலும் ‘இன்டர்நேஷனல் ஸ்கூல்’ என்று ஒரு பெயர்ப்பலகை கண்ணில் படுகிறது. குளிர்சாதன வகுப்பறை, நீச்சல் குளம், குதிரையேற்றம் என்று விளம்பரம் நீள்கிறது. அங்கே படிப்பதால் பிள்ளைக்கு உண்மையில் என்ன லாபம் என்று பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். பதில் சொல்ல நூறு ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதல் உலகப் போர் முடிந்தபின் சர்வதேச சங்கமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் ஜெனீவாவில் அலுவலகம் அமைத்தன. பல நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1924ஆம் ஆண்டு ‘எக்கோல் அந்தெர்நசியோனால்’ தொடங்கப்பட்டது. கல்வியாளர் அடோல்ஃப் ஃபெரியேரின் வீட்டில் ஒரு சில பிள்ளைகளோடு ஆரம்பமான பள்ளி அது. போரில் எதிரெதிர் அணியில் நின்ற நாடுகளின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதுதான் நோக்கம். நீச்சல் குளமெல்லாம் யார் கண்டது!

1926ல் அங்கே சேர்ந்த ஓர் இந்தியச் சிறுமியை நம் எல்லோருக்கும் தெரியும். தாயார் கமலா நேருவின் சிகிச்சைக்காகக் குடும்பம் சுவிட்சர்லாந்து போனபோது, எட்டு வயது இந்திரா இந்தப் பள்ளியில்தான் படித்தார்.

1929 முதல் 1949 வரை பள்ளியை நடத்தியவர் மரி-தெரேஸ் மொரேத் என்ற பிரெஞ்சு அம்மையார். பூகோளத்தை முழு உலகத்திலிருந்து தொடங்கினார். சொந்த நாடு பிறகுதான். வரலாற்றிலும் அப்படியே. ஒரு காலகட்டத்தில் ஐரோப்பாவில் நடந்ததோடு சீனாவிலும் இந்தியாவிலும் நடந்ததையும் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும் என்றார். பாடம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. இந்த அனுபவத்தை 1948ல் யுனெஸ்கோவுக்காக ஒரு சிறு நூலாக எழுதினார்.

இதைப் படித்தபோது என் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. புதுவை 1954 நவம்பர் 1ஆம் தேதி இந்திய நிர்வாகத்துக்கு மாறிய பிறகும் பிரெஞ்சு வழிப் படிப்பு தொடர்ந்தது. நான் அதில் படித்தவன். செய்ன், லுவார், கரோன், ரோன் என்று நதிகளை ஒப்பிப்போம். ஊருக்குத் தெற்கே ஓடும் சுண்ணாம்பாறு எந்தப் படத்திலும் இல்லை. எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் டூப்ளே பெரிய வீரர். 1754ல் அவரைத் திருப்பி அழைத்தது பிரான்சின் துரதிர்ஷ்டம். எதிர் வீட்டில் ஆங்கில வழியில் படித்த பையனுக்கோ கிளைவ்தான் வீரர். ஒரே போர், ஒரே ஆற்காட்டுச் சீமை, இரண்டு கதை! டூப்ளேவின் துபாஷியாக இருந்து எல்லாவற்றையும் தமிழிலேயே நாட்குறிப்பாக எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை இரண்டு புத்தகத்திலும் கிடையாது.

ஆகவே நான் படித்தது வெளிநாட்டுக் கல்வி; பன்னாட்டுக் கல்வி அல்ல. இந்த இரண்டையும் நம்மவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். டூப்ளேவின் புத்தகம், கிளைவின் புத்தகம், பிள்ளையின் நாட்குறிப்பு மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, யார் எதற்காக இப்படி எழுதினார் என்று பதினாறு வயதுப் பிள்ளையை யோசிக்க வைக்கும் பள்ளி இருந்தால், அதற்குத் தாராளமாகப் பணம் கட்டலாம்.

இன்னொரு லாபம் சான்றிதழ் சம்பந்தப்பட்டது. குமாஸ்தாவாகக் காலம் கழித்தவனுக்கு இதன் அருமை தெரியும். என் பிரெஞ்சுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, “இது எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று எழுதி வாங்கி வாருங்கள்” என்றார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியவர் யார் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. நான்கு மாதம் அலைந்தேன்.

ஜெனீவாப் பள்ளிக்கும் இதே தலைவலிதான். பிரிட்டனுக்குப் போகிறவன் ஏ லெவல், பிரான்சுக்குப் போகிறவன் பக்கலோரேயா, சுவிஸ் பல்கலைக்கழகத்துக்கு மத்யூரிதே, அமெரிக்காவுக்கு காலேஜ் போர்டு. ஒரே பெஞ்சில் உட்காரத்தான் பள்ளி தொடங்கினார்கள்; மேல்வகுப்பு வந்ததும் பிள்ளைகள் நாட்டுவாரியாகப் பிரிந்து போனார்கள்! எல்லா நாடும் ஏற்கும் ஒரே தேர்வு வேண்டும் என்று அந்தப் பள்ளி ஆசிரியர்களே முயன்றதில் பிறந்ததுதான் ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பக்கலோரேட். 1968ல் அதன் அலுவலகம் ஜெனீவாவில் அமைந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அலெக் பீட்டர்சன் முதல் தலைமை இயக்குநர். ஆறு பாடம், பாடத்துக்கு 7 புள்ளி. நீண்ட கட்டுரைக்கும் அறிவைப் பற்றிய ஒரு பாடத்துக்கும் சேர்த்து 3. ஆக மொத்தம் 45. சமூகத் தொண்டும் கட்டாயம். எனக்குப் பிடித்தது முதல் பாடம்: மாணவனுக்கு நன்றாக வரும் மொழியின் இலக்கியம். தாய்மொழியை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவில் இதை முதலில் கொண்டு வந்தது நம் கொடைக்கானல் பள்ளி, 1976ல். 1901ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி அது. இன்று பல நகரங்களில் ஐ.பி. பள்ளிகள் இருக்கின்றன. கட்டணத்தைக் கேட்டால் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரருக்கு மூச்சு முட்டும். ஜெனீவாவிலும் அதிகாரிகளின் பிள்ளைகள்தானே படித்தார்கள், மீனவர் பிள்ளையா படித்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சேர்க்கப் போகும் நண்பர்கள் குதிரை லாயத்தைப் பார்த்த கையோடு வரலாற்றுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். டூப்ளேயைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.