நாழிகை வட்டிலும் சக்தி சிப்பும்

துறையூரிலிருந்து இன்று ஒரு சின்ன வரலாறு.

நம் முன்னோர் நாழிகை வட்டிலால் பொழுதை அளந்தார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். கம்ப்யூட்டர் சிப்புக்குள்ளும் அப்படி ஒரு எண்ணி உண்டு. ஒரு வேலையை எப்போது நிறுத்தி அடுத்ததை எடுப்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் 2014-இல் தொடங்கிய 'சக்தி' பிராசஸரிலும் அது இருக்கிறது. சிப் பதித்த பலகை இல்லாதவர்களும் பழக வேண்டுமே! 2003-இல் பிரான்சின் ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய 'கியூஎம்யூ' மென்பொருளில், 2021-இல் சக்தியின் நகலும் சேர்ந்தது.

அந்த நகலில் எண்ணி விநாடிக்கு 1 கோடி ஏற வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்டினால் கம்ப்யூட்டர் திணறிவிடும். அதனால் கேட்கும்போது மட்டும், கழிந்த விநாடிகளை 1 கோடியால் பெருக்கி விடை சொல்கிறது. நகலை நிறுத்திவைத்தால் அதன் காலமும் நிற்கும். எண்ணி 32 பிட்டாக இருந்தால் ஏழே நிமிடத்தில் நிரம்பிவிடும். 64 பிட் என்பதால் 58,000 ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

கியூஎம்யூ இலவசம். பலகை வாங்க வசதியில்லாத பிள்ளையும் வீட்டு லேப்டாப்பிலேயே நம் நாட்டுச் சிப்புக்கு நிரல் எழுதிப் பார்க்கலாம். பொறியியல் படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.