அப்போபிஸ்: அச்சந் தீர்த்த கணிதம்

வானத்திலே புதுமை எது தோன்றினும் அதனை அச்சத்தோடு நோக்குவது மக்கள் இயல்பு. வால்வெள்ளி தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்றனர். கிரகணம் வந்தாற் பாம்பு விழுங்கிற்று என்றனர். ஆயினும் அக்கிரகணம் எந்நாளில் எந்த நாழிகையில் நிகழுமென முன்னரே கணித்துப் பஞ்சாங்கத்திற் பொறித்தவர்களும் நம் முன்னோரே. அச்சமும் கணிதமும் நம்மிடையே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. இவ்விரண்டும் நம் காலத்தில் ஒரு சிறுகோளின் பொருட்டு எதிரெதிரே நின்ற வரலாற்றையே இங்கு கூற விழைகின்றேன்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்கள் பல இலட்சம். அவற்றைத் தேடும் பணியில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1861 ஆம் ஆண்டு ஏப்ரல் 17 ஆந் திகதி சென்னை வானாய்வு நிலையத்திலிருந்து நோர்மன் பொக்சன் என்பார் ஒன்றைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதற் காணப்பட்ட சிறுகோளாதலின் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிடப்பட்டது. 1988 இல் தமிழ்நாட்டுக் காவலூரில் இராஜமோகன் முதலியோர் கண்ட சிறுகோள், கணித மேதை இராமானுஜன் பெயரைப் பெற்றது. அத்தேடலுக்கு அவர்கள் சூட்டிய பெயர் ‘கல்கி’.

இச்சிறுகோள்களுட் சில தம் கூட்டத்தை விட்டு விலகிப் பூமி செல்லும் பாதையையே அணுகுகின்றன. அத்தகையதொன்றை 2004 ஆம் ஆண்டு யூன் 19 ஆந் திகதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிற் பீக் மலையிலிருந்து ரக்கர், தோலன், பெர்னாடி என்னும் மூவர் கண்டனர். இரண்டு இரவுகள் தென்பட்டபின் அது காணாமற் போயிற்று. திசெம்பரில் அவுஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் காணப்பட்டபொழுது கணித்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டனர். 2029 இல் அது பூமியின்மீது மோதவுங் கூடும் என்பது தெரிந்தது. நாளுக்கு நாள் அவ்வாய்ப்பு உயர்ந்து, திசெம்பர் 27 இல் 37 இல் 1 என்ற அளவை எட்டியது. இத்தகைய ஆபத்தை அளக்கும் தொரினோ அளவுகோலில் 4 ஆம் படிக்கு ஏறியது இஃதொன்றே.

ஆனால் அன்று நம் நாட்டவர் வானத்தை நோக்கும் நிலையில் இருக்கவில்லை. முதல்நாட் காலையிலேதான் கடல் பொங்கி எழுந்து, வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும், தென்னிலங்கை வரையுள்ள கரையோரங்களையும் வாரிச் சென்றது. இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நான் அந்நாளிற் கைக்குழந்தை. மூத்தோர் சொல்லக் கேட்டே அத்துயரை அறிவேன். கரையில் மக்கள் உறவினரின் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த அதே நாளில், வானநூலார் தம் பழைய படங்களுக்குள் ஒரு மங்கிய புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தனர்.

அப்புள்ளி கிடைத்தது. அவ்வாண்டு மார்ச் 15 ஆந் திகதி வேறு நோக்கத்துக்காக எடுக்கப்பட்ட படங்களில் அச்சிறுகோள் பதிந்திருந்தது. சந்தியொன்றில் துவிச்சக்கரவண்டியிற் செல்பவன் ஒருவனைக் கணப்பொழுது காண்கின்றோம். எந்த ஒழுங்கைக்குள் திரும்புவான் என்று நம்மாற் சொல்ல முடியாது. அவன் முன்னர் எங்கெங்கே காணப்பட்டான் என்பது தெரிந்தால் அவன் போக்கை ஊகித்துவிடலாம். அவ்வாறே மூன்று மாதத்துக்கு முந்திய அப்படங்கள் சிறுகோளின் ஒழுக்கைத் தெளிவாக்க, 2029 இல் மோதல் இல்லை என்பது அன்றே உறுதியாயிற்று. 2021 மார்ச்சில் றேடார் அலைகளைச் செலுத்தி அளந்தபின், இன்னும் நூறு ஆண்டுகளுக்கேனும் ஆபத்தில்லை என நாசா அறிவித்தது.

2005 இல் அதற்கு அப்போபிஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. சூரிய தேவனை விழுங்க முயலும் பாம்பென எகிப்தியர் கதையில் வருவது இது. இராகு கேதுவை அறிந்த நமக்கு இக்கதை புதிதன்று. ஏறக்குறைய 340 மீற்றர் அகலமுடைய இக்கற்பாறை நிலக்கடலைக்கோதுபோல் இரு புடைப்புக்கள் கொண்டது என்பது றேடார் காட்டும் தோற்றம். சூரியனை ஒருமுறை சுற்றிவர இப்பொழுது அதற்கு ஏறக்குறைய 324 நாட்கள் செல்கின்றன.

2029 இல், நம் நேரப்படி ஏப்ரல் 14 ஆந் திகதி அதிகாலை 3.15 மணியளவில், அது பூமியின் மேற்பரப்பிலிருந்து 32,000 கிலோமீற்றர் தூரத்திற் கடந்து செல்லும். தொலைக்காட்சிக்கு உதவும் செய்மதிகள் நிற்பதோ 36,000 கிலோமீற்றர் உயரத்தில். அவுஸ்திரேலியாவின் மேலாகவும் இந்து சமுத்திரத்தின் மேலாகவும் ஆபிரிக்காவை நோக்கி அது மேற்கே செல்லும். வானந் தெளிந்த இடங்களில் வெறுங் கண்ணுக்கே புலப்படும். அன்று நமக்குச் சித்திரைப் புத்தாண்டு. பூமியின் ஈர்ப்பு அதன் பாதையையே வளைத்துவிடும். அதன்பின் ஒருமுறை சுற்றிவர அதற்கு ஓராண்டுக்கு மேலாகும்.

புத்தாண்டு விடியலில் ஒரு பாம்பு வானிலே வருகின்றது என்று அன்று சிலர் வதந்தி பரப்பவுங் கூடும். நம் மன்றத்து இளைஞர் அவர்களுக்கு அமைதியாக விடை கூறக் கடமைப்பட்டவர்கள்.

இவ்வரலாற்றில் என் நெஞ்சை உறுத்துவது இன்னொன்று உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அப்பாலிருந்த வான ஆபத்தை ஆராய உலகெங்கும் கண்கள் விழித்திருந்தன. சுமாத்திராவின் அருகே நிலம் நடுங்கியதற்கும் நம் கிழக்குக் கரையிற் கடல் ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அவ்விரண்டு மணி நேரத்தில் எச்சரிக்கை செய்ய இந்து சமுத்திரத்தில் ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை. அது பின்னரே அமைந்தது. முன்னதில் அச்சந் தீர்ந்தமைக்கும் பின்னதில் உயிர்கள் மாண்டமைக்கும் இடையே நின்றது, காவல் இருந்ததும் இல்லாததுமே.

ஆகவே நண்பர்களே, கணிதமும் வானநூலும் பரீட்சைக்கு மாத்திரம் உரியனவென்று எண்ணற்க. இன்று யாரோ ஒருவர் கருத்தோடு குறித்துவைக்கும் ஒரு புள்ளி நாளை ஓர் ஊரின் அச்சத்தைத் தீர்க்கலாம். ஓர் ஊரைக் காக்கவுஞ் செய்யலாம். பஞ்சாங்கம் கணித்தோர் வழிவந்த நமக்கு அப்பணி அந்நியமானதன்று.