கம்பி மட்டும் போதும் என்றவர்கள்

இன்று இணைய இணைப்பு வாங்கப் போனால், இணைப்பைவிடக் கூடவே வரும் சாமான்கள்தான் அதிகம். தொலைக்காட்சி, தொலைபேசி, ஓடிடி சந்தா, மூன்று மாதம் இலவசம் என்று பட்டியல் நீளும். "இவையெல்லாம் வேண்டாம், கம்பியை மட்டும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருக்காகப் பிரான்சில் ஒரு சங்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இப்படிப்பட்ட சங்கதிகள் என் கண்ணில் படும். உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் மினிடெல். 1980களில் பிரான்சின் தொலைபேசி இலாகா, சின்னத் திரையும் விசைப்பலகையும் கொண்ட ஒரு கருவியை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. தொலைபேசி எண் தேடலாம், ரயிலில் இடம் பதிவு செய்யலாம். பல சேவைகளுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் ஏறி, தொலைபேசி பில்லோடு வந்து சேரும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் கருவிக்குச் சொந்த மூளை கிடையாது, எல்லாம் மறுமுனையில். அங்கே வைத்திருப்பதைப் பார்க்கலாம், அவ்வளவே. 2012 ஜூன் 30 அன்றுதான் அது மூடப்பட்டது.

அந்த மினிடெல் கொடிகட்டிப் பறந்த நாளில், 1992இல், பிரெஞ்ச் டேட்டா நெட்வொர்க் தொடங்கியது. சுருக்கமாக எஃப்.டி.என். இது கம்பெனி அல்ல. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த, லாப நோக்கமில்லாத சங்கம். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், தொண்டர்கள் வேலை பார்ப்பார்கள். முதலில் கொடுத்தது மின்னஞ்சலும் செய்திக் குழுக்களும்தான். மோடத்தால் தொலைபேசியில் அழைத்து, வந்த கடிதங்களை வாங்கி, போகவேண்டியதைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்க வேண்டும். நம் ஆபீஸ் பியூன் காலையில் தபால் ஆபீசுக்குப் போய்த் தபால் பையை மாற்றிக்கொண்டு வருவாரே, அதே முறை.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சகோதரன் இருந்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மாணவர்களுக்கு வருடம் 500 ரூபாயில் ஷெல் கணக்கு கொடுத்தது. படம் கிடையாது, திரையில் எழுத்து மட்டும். யூனிக்ஸ் கட்டளைகளைக் கற்றுக்கொண்டவனுக்குத்தான் அது உதவும்.

2002இல் பிரான்சில் ஃப்ரீ நிறுவனம் மாதம் 29.99 யூரோவுக்கு ஃப்ரீபாக்ஸ் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. விரைவில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் அதில் சேர்ந்தன. மற்ற நிறுவனங்களும் அந்த வழியிலேயே போயின. எஃப்.டி.என். மட்டும் மாறவில்லை. தொலைக்காட்சி கிடையாது, நிலையான ஐ.பி. முகவரி உண்டு, எதையும் வடிகட்டுவது இல்லை. வீட்டுக் கணினியையே சர்வராக வைத்து உலகத்துக்குத் திறக்கலாம். பல ஆண்டுகள் சங்கத் தலைவராக இருந்த பெஞ்சமின் பயார் 2007இல் ஆற்றிய உரைக்கு வைத்த தலைப்பு, "சுதந்திர இணையமா, மினிடெல் 2.0-வா?" என்பது.

இதெல்லாம் சில கணினிப் பித்தர்களின் பிடிவாதம் என்று தோன்றலாம். 2011 ஜனவரி கடைசியில் எகிப்தில் மக்கள் வீதிக்கு வந்தபோது, அரசாங்கம் கிட்டத்தட்ட நாடு முழுவதும் இணையத்தை நிறுத்தியது. ஆனால் வெளிநாட்டுக்குத் தொலைபேசியில் பேச முடிந்தது. எஃப்.டி.என். பழைய டயல்-அப் சேவையை அப்போதும் கைவிடாமல் வைத்திருந்தது. உடனே பாரிஸ் எண் ஒன்றை எல்லோருக்கும் திறந்துவிட்டது. பயனர் பெயர் 'தோத்தோ', கடவுச்சொல்லும் 'தோத்தோ'. பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். பிள்ளைகள் சொல்லும் நகைச்சுவைத் துணுக்குகளில் வரும் குறும்புப் பையனின் பெயர் அது. அழைப்புக் கட்டணம் அதிகம், வேகமோ ஆமை வேகம். ஆனாலும் ஒரு கடிதம் வெளியே போகும். பிப்ரவரி 2 அன்று எகிப்தில் இணையம் திரும்பியது.

குறைவாகக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. பேஸ்புக் நிறுவனம் இந்தியாவில் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று, தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. பார்க்கும் தளத்துக்குத் தக்கபடி வேறு வேறு கட்டணம் கூடாது என்று டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று விதி போட்டதால் அது நின்றது. எஃப்.டி.என். குறைத்தது அலங்காரத்தை, அங்கே குறைந்திருப்பது வழியே. வெளியில் இரண்டும் சிக்கனத் திட்டம் போலத்தான் தெரியும்.

அடுத்த முறை திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும்போது, எவ்வளவு சேர்த்துத் தருகிறார்கள் என்று பார்ப்பதோடு, கம்பி எவ்வளவு திறந்திருக்கிறது என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.