நபிவழிக் கற்பித்தலும் அரபுத்தமிழும்

 

கல்வி கற்பது கடமை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அதை எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதிலும் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அழகிய முன்மாதிரி உண்டு.

மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் ஏழைத் தோழர்கள் தங்கிக் கல்வி பயின்றனர். அவர்களே அஸ்ஹாபுஸ் ஸுஃப்பா. ஹிஜ்ரி 2-ல் நடந்த பத்ருப் போரில் சிறைப்பட்டோருள், மீட்புத்தொகை இல்லாத, எழுத்தறிவுள்ளோர் அன்ஸாரிச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர். நபிகளார் விளங்கவேண்டிய சொல்லை மும்முறை மொழிவார்கள். மனிதனின் ஆயுளையும் ஆசையையும் கோடுகள் வரைந்து விளக்கினார்கள். தோழர்கள் சலிப்படையாதிருக்க இடைவெளி விட்டே உபதேசித்தார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை ஒருமுறையேனும் கடிந்ததில்லை. ஸஹாபாப் பெருமக்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றை விளங்கிச் செயல்படுத்தாமல் அடுத்தவற்றுக்குச் செல்லமாட்டார்கள்.

கற்பவரின் நிலையறிந்து கற்பிப்பதே இவை அனைத்தின் அடிப்படை. மக்கள் விளங்கிக்கொள்ளும் வகையில் பேசுமாறு அலீ (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதும் இதுபற்றியே.

இவ்வழியைத் தமிழக ஆலிம்கள் அரபுத்தமிழால் பேணினர். தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதி, அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகள் அமைத்தனர். குர்ஆன் ஓதத் தெரிந்த பெண்களும் சிறுவர்களும் தமிழெழுத்துப் பயிலாமலேயே மார்க்கச் சட்டங்களைத் தாய்மொழியில் படித்தறிந்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனும் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ இவ்வகையில் புகழ்பெற்ற சட்டநூல். அது 1963-ல் இலங்கையில் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

தமிழெழுத்து அச்சும் பள்ளிக் கல்வியும் பரவியபின் அரபுத்தமிழ் வழக்கொழிந்தது. எழுத்து மாறியதில் குற்றமில்லை. ஆனால் ஓதுதலோடு பொருளும் சேர்ந்து வந்த அந்த வழக்கமும் உடன் போய்விட்டதே வருத்தத்திற்குரியது. குர்ஆனை ஓதி முடித்த பிள்ளையிடம் ஃபாத்திஹாவின் பொருளைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் கோர்வை பிணைக்காவிட்டால் சேலை நிலைக்காது. ஓதுதலும் விளங்குதலும் அவ்வாறே. நம் மக்தபில் பாடம் குறைவாயினும் பொருளோடு நடக்கட்டும், பிரம்பு ஒதுங்கட்டும், இன்று என்ன விளங்கினாய் என்று பெற்றோர் வீட்டில் கேட்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.